கம்பம் பள்ளத்தாக்கில் கதவு வேலையின் காலக்கணிதம்: ஓர் ஆய்வு

தேனியிலிருந்து கூடலூர் வரை எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் நுழைந்து, "நிலை, கதவெல்லாம் எப்பண்ணே முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "பதினஞ்சு நாள்ல முடிச்சிரலாம்ணே" என்பார் ஆசாரி. கேட்டது ஒற்றைக் கதவுக்கா, மாடி வீட்டுக்கா என்பதைப் பொறுத்துப் பதில் மாறுவதில்லை. ஆகவே இந்தப் பதினைந்தை ஒரு மாறிலியாகவே இக்கட்டுரை கொள்கிறது.

வேலைக்குப் பிடிக்கும் நாளை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுவதைப் பற்றி டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். தாமதத்தைக் கணக்கில் சேர்த்துத் திட்டம் போட்டாலும் தாமதமே ஆகும் என்று அதே ஆண்டு டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் ஒரு விதி வகுத்தார். மச்சினனைப் பற்றி மூவருமே வாய் திறக்கவில்லை. அது பெருங்குறை.

முதலில் மரம். ஓர் அங்குலக் கனப் பலகை நிழலில் காற்றாட உலர ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும் என்பது தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. நிலைக்கட்டையோ மூன்று அங்குலத்துக்குக் குறையாது. தோட்டத்து வேம்பை மாசியில் வெட்டி அறுத்துவிட்டு, வைகாசியில் பால் காய்ப்பு என்று பத்திரிகை அடிக்கிறார் வீட்டுக்காரர். ஆனியில் கேரளப் பக்கமிருந்து சாரல் இறங்கியதும் கதவு உப்பி நிலையைக் கவ்விக்கொள்கிறது. ஆசாரி இழைப்புளியோடு வந்து ஓரம் சீவிக் கொடுக்கிறார். பங்குனி வெயிலில் அதே கதவு சுருங்க, இடுக்கு வழியே பல்லி போய்வருகிறது. பழி மட்டும் ஆசாரிக்கு.

இடையில் சித்திரை வந்தால் வீரபாண்டித் திருவிழா. அந்த வாரம் ஆளைத் தேடுவது வீண். தேடுகிறவரும் ராட்டினத்தடியில்தான் நிற்பார்.

இனி மச்சினன். கதவில் தாமரை பாதி செதுக்கியான பிறகே அவர் திருப்பூரிலிருந்து வருவார். செல்போனை நீட்டி, "மாமா, இந்த மாதிரி ரெண்டு யானை வச்சா எடுப்பா இருக்கும்" என்பார். தாமரையை யானையாக்கும் உளி இன்னும் வரவில்லை. புதுப் பலகைதான் வாங்க வேண்டும்.

பெரியாறு அணை 1887இல் தொடங்கி, வெள்ளம் அடித்துப் போனதையெல்லாம் திரும்பக் கட்டி, 1895இல் முடிந்தது. அதைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறோம். வார்னிஷ் எட்டு நாள் தள்ளிப்போனால் ஆசாரியை வைகிறோம். (அணைக்கான குத்தகை 999 ஆண்டுக்கு. கால அவகாசம் என்றால் அது.)

ஆய்வின் முடிவு: சொன்ன நாளை இரண்டால் பெருக்கி, திருவிழாவுக்கு ஒரு வாரமும் மச்சினன் தலைக்குப் பத்து நாளும் கூட்டுக. ஆசாரி குற்றவாளி அல்லர். மூன்று வருஷம் கழித்து வீடு கட்ட இருப்பவர்கள் இன்றைக்கே மரத்தை அறுத்து, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கிவிடுங்கள். மச்சினனுக்குச் சொல்ல வேண்டாம்.