முன்பணம் கட்டியாச்சு, மனம் மாறலாமா?

கேள்வி: மகளுக்குத் தனியார் பல்கலை ஒன்றில் ஏப்ரலிலேயே முன்பணம் கட்டி இடம் பிடித்துவிட்டோம். கையில் இருப்பது ரசீது மட்டும். இப்போது பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்திருக்கிறாள். "வாக்குத் தவறலாமா?" என்கிறார் என் மாமனார்.
– ஒரு தந்தை, தேவிபட்டினம்

பதில்: உங்கள் ஊர்க் கடலில் நவபாஷாணக் கற்கள் ஒன்பதும் எந்த அலைக்கும் இடம் மாறாமல் நிற்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளையும் அப்படி நிற்க வேண்டியதில்லை, ஐயா.

ப்ளஸ் டூ முடிவே வராத ஏப்ரலில் கட்டிய பணத்தை வாக்கு என்று நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 'எர்லி டிசிஷன்' முறையில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திடுவார்கள். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். அது தெரிந்தே கொடுத்த வாக்கு. அங்கும் உதவித்தொகை போதாவிட்டால் விடுவிப்பார்கள்.

இங்கே விலகுவதை விதியே எதிர்பார்க்கிறது. யுஜிசியின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்க வேண்டும். அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது.

தப்பு எங்கே தெரியுமா? கலந்தாய்வில் இடம் உறுதியான பிறகும் இரண்டையும் கையில் வைத்திருப்பதில். பக்கத்துத் திருப்பாலைக்குடியில் ஒரு பிள்ளை அந்தத் தனியார் இடத்துக்காகக் காத்திருக்கலாம். கலந்தாய்வு முடிந்தபின் கைவிடும் அரசு இடமோ பெரும்பாலும் காலியாகவே போய்விடும். அது இன்னும் கொடுமை.

எனவே கலந்தாய்வு இடத்தை உறுதி செய்த அன்றே தனியார் பல்கலைக்கு விலகல் கடிதம் அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். கடிதத்தின் நகலை மாமனாருக்கும் காட்டுங்கள்.