வழக்கா, வரியா?

எக்கியார்குப்பத்தை ஒட்டிய மரக்காணம் உப்பளங்களில் விளையும் உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் பட்டது போதும் என்று அரசாங்கம் நினைத்திருக்கலாம். நோட்டீஸ் வருவது அந்த உப்பை அள்ளிக் கட்டும் சாக்கு விற்கிறவருக்கு.

எதிர்ப்பதென்றால் உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. தகராறான வரியில் 10 சதவீதம் முதலில் கட்ட வேண்டும். அப்புறம்தான் ‘நான் கட்ட வேண்டியதில்லை’ என்று வாதாட முடியும். தோற்றால் தீர்ப்பாயம். 2017இல் சட்டத்தில் எழுதியாகிவிட்டது, தொடக்க விழாதான் 2025 செப்டம்பரில் நடந்தது. இடையில் வட்டி ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை.

சமாதானத்துக்கும் வழி வந்தது. மோசடிப் புகார் இல்லையென்றால், 2017-18 முதல் மூன்றாண்டு பாக்கியில் வரி முழுவதையும் 2025 மார்ச் 31க்குள் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்றார்கள். மேல்முறையீட்டைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நியாயம் உங்கள் பக்கமா என்று யாரும் கேட்கவில்லை; அது ஒரு சௌகரியம்.

காந்தியே சமாதானமாகப் போனவர்தானே? 1931 மார்ச் ஒப்பந்தத்தில் வைஸ்ராய் இர்வின் உப்பு வரியை எடுக்கவில்லை. உப்பு விளையும் ஊர்க்காரர்கள் வீட்டுக்கும் உள்ளூர் விற்பனைக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஊர் தாண்டி விற்கக் கூடாது என்றார். வரி ஒழிய 1947 ஆனது.

காந்தியின் இந்தக் கதையை ஆடிட்டரிடம் சொன்னேன். “அவருக்கு டிமாண்ட் எவ்வளவு சார்?” என்றார்.