மரத்தின் மேல் மாபிள்

வீட்டுத் தரைக்கு டைல்ஸ் பதிப்பது எப்படி என்று இரண்டு வகை மனிதர்களிடம் கேட்கக் கூடாது. ஒருவர், ஊரில் மேசனாக இருந்தவர். மற்றவர், கனடாவில் தானே பதித்து முடித்தவர். முன்னவர் மரத்தை நம்பமாட்டார். பின்னவர் அதற்குப் பிறகு வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார். எங்கள் வீட்டில் முன்னவர் என் மாமா. பின்னவன் நான்.

மாமா வடமராட்சியில் வாழ்நாள் முழுதும் மேசன் வேலை பார்த்தவர். அங்கே தரை என்றால் தரைதான். அடியில் சுண்ணாம்புக்கல், அதன் மேல் இடித்து இறுக்கிய கல்லும் மண்ணும், அதற்கு மேல் காங்கேசன்துறைச் சீமெந்து. அந்த ஆலை 1990இல் போரோடு மூடிப்போனதை இன்னமும் குடும்பத் துக்கமாகவே அனுஷ்டிக்கிறார். அப்படிப்பட்டவரை ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரவிட்டங்கள். விட்டங்களின் மேல் சாய்வாக அடித்த பலகைகள். பலகைகளின் மேல் குசினி. குசினியில் மாமி.

“தம்பி, மனிசி அந்தரத்திலையெல்லோ நிக்குது” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 1960களில் கட்டிய வீடு. வெளியே செங்கல் தெரிந்தாலும் உள்ளே முழுக்க ஓடாவி வேலைதான். மரம் வளையும், வீங்கும், சுருங்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் காய்ந்து ஒடுங்கும்; ஜூலைப் புழுக்கத்தில் ஈரம் குடித்துப் பெருக்கும். டைல் இதில் எதையும் செய்யாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வெடிப்பது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து முப்பது வருடம் குடும்பம் நடத்தச் செய்வதுதான் வேலை. டைல் பதிப்பது அதில் கடைசிச் சடங்கு மட்டுமே.

இங்கே அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட விட்டத்தின் நீளத்தை 360ஆல் வகுத்து வருவது எவ்வளவோ, பாரம் ஏறும்போது தரை அதற்கு மேல் வளையக் கூடாது. பன்னிரண்டடி விட்டம் என்றால் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். பளிங்கு, கருங்கல் போன்ற இயற்கைக் கல்லாக இருந்தால் 720ஆல் வகுக்கவேண்டும். இதைக் கேட்டதும் என் மனைவிக்குப் பளிங்குக் கல்லில் இருந்த ஆசை பாதியாக வளைந்தது. விலையைக் கேட்டபோது மீதியும் வளைந்தது.

கணக்கில் மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. குசினி நடுவில் ஒரு தம்ளரில் தண்ணீரை வைத்துவிட்டு, “நீர் ஒருக்காக் குதிச்சுப் பாரும்” என்றார். குதித்தேன். தண்ணீர் தளும்பியது. அலுமாரிக்குள் கோப்பைகள் கதைத்தன. மாமா ஒன்றும் சொல்லாமல் மாமியைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

ஆகவே விட்டங்களுக்குப் பக்கத்தில் புது மரம் சேர்த்துப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. ‘இரண்டுக்கு எட்டு’ என்று கேட்டு வாங்கிவந்த மரத்தை மாமா அளந்தார். ஒன்றரைக்கு ஏழேகால் இருந்தது. “மிச்சம் எங்கை?” அறுக்கும்போது இருந்த அளவைச் சொல்லி, காயவைத்துச் சீவியபின் இருக்கும் மரத்தை விற்பதுதான் இந்த நாட்டு வழக்கம் என்றேன். ஊரில் அப்படிச் செய்தால் மரக்காலையையே கொளுத்தியிருப்பார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம்.

பழைய தரை விரிப்பைக் கிளப்பினால் அதன் அடியில் இன்னொன்று, அதற்கடியில் வேறொன்று. எனக்கு முன்னே இருந்தவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்பதற்கு எழுத்தில்லாத வரலாறு. அந்தக் காலத்து விரிப்புகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம் என்பதால் கிளப்புவதை நிறுத்தி, ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். ஒரு காலத்தில் உலகத்துக்கே அஸ்பெஸ்ரஸ் தோண்டிக் கொடுத்த நாடு இது. 2018இல்தான் தடைசெய்தது. கியூபெக்கில் அஸ்பெஸ்ரஸ் என்றே ஓர் ஊர் இருந்தது; 2020இல் வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. மாமாவுக்கு இது பெரிய வேடிக்கை. “ஊரிலை உந்தக் கூரைச் சீற்றுக்குக் கீழை இருந்துதானே நாங்கள் சோறு திண்டனாங்கள்.” நல்ல காலம், எங்கள் துண்டில் ஒன்றுமில்லை.

அடுத்து கிறீச்சுச் சத்தம். பலகை காய்ந்து சுருங்கி விட்டத்தைவிட்டு மெல்லக் கிளம்பும். யாராவது மிதித்தால் ஆணியில் உரசிக்கொண்டு கீழே போகும். அதுதான் சத்தம். மாமி முன்னால் நடந்தார், நான் சோக்கட்டியோடு பின்னால் தவழ்ந்தேன். சத்தம் வந்த இடமெல்லாம் புள்ளி. பார்த்தால் மார்கழிக் கோலத்துக்கு ஆயத்தம் செய்த முற்றம்.

புள்ளிக்கு ஒரு ஸ்க்ரூ. தலையில் சதுரக் குழி உள்ள ராபர்ட்சன் ஸ்க்ரூ. பி. எல். ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1909இல் காப்புரிமை பெற்றது. அவருடைய தொழிற்சாலை இருந்த மில்ற்றன், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அதாவது 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லையென்றால். அதாவது ஒருபோதும் இல்லை. குழிக்குள் முனை வழுக்காமல் நிற்கும். இந்த நாட்டைப் பற்றி மாமா முதன்முதலாகப் பாராட்டிச் சொன்னது இந்த ஸ்க்ரூவைத்தான்.

எல்லாம் முறுக்கி முடிந்து தரை ஊமையானது. அன்றிரவு மாமிக்கு நித்திரை இல்லை. “இனிப் பெடியன் எத்தினை மணிக்கு வாறானெண்டு ஆர் சொல்லுறது?” என் மகன் நள்ளிரவில் வந்து குளிர்பெட்டியைத் திறப்பதை அவர் படுத்தபடியே சத்தத்தை வைத்துக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தாராம். மனைவியும் தாயின் பக்கம் சேர்ந்தாள். “இஞ்சருங்கோ, ஒண்டையாவது விட்டிருக்கலாமெல்லோ.” டைல்ஸ் வராத நடைபாதையில் ஒரு பலகையின் ஸ்க்ரூவைத் திரும்பக் கழற்றிக்கொடுத்தேன்.

பலகைக்கு மேல் பிளைவூட், அதற்கு மேல் சீமெந்துப் பலகை, பிறகு சாந்து, பிறகு டைல். கூட்டினால் ஒன்றேகால் அங்குலம். தரை உயர்ந்தால் பாத்திரம் கழுவும் இயந்திரம் அதன் பொந்துக்குள் திரும்ப நுழையாது; உள்ளேயே வைத்துப் பதித்தால் வெளியே வராது. இரண்டாவது தவற்றைச் செய்தவர்கள் ஸ்காபரோவில் பலர் இருக்கிறார்கள். இயந்திரம் பழுதானதும் டைலை உடைப்பதா, மேடையை உடைப்பதா என்று பட்டிமன்றம் நடத்துவார்கள். எங்கள் வீட்டில் சிக்கல் சுலபமாகத் தீர்ந்தது. மாமி வந்த நாளிலிருந்து அதற்குள் பெரிய சட்டிகளைத்தான் அடுக்கியிருந்தார். இயந்திரம் போய் அலுமாரி வந்தது. சட்டிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சாந்து குழைப்பதில் மாமா அசைக்க முடியாதவர் என்று நினைத்தேன். ஆனால் இது டைல் ஒட்டவென்று பையில் வரும் சாந்து. குழைத்துப் பத்து நிமிடம் சும்மா விட்டு மறுபடி குழைக்கவேண்டும். மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. பல் வைத்த கரண்டியால் இழுத்தால் வரிகள் சரியாமல் நிற்கவேண்டும். மாமா தண்ணீரை நோக்கிக் கையை நீட்டினார். மாமி எட்டிப் பார்த்து, “உதே தோசைக்குக் காணும். வடைப் பதம் வேணுமெல்லோ” என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பதிக்கும்போது நான் ஒதுங்கிக்கொண்டேன். மாமா நூல் பிடித்தார், தட்டினார், காதைத் தாழ்த்திக் கேட்டார். சந்தேகம் வந்த ஒரு டைலைக் கிளப்பி முதுகைப் பார்த்தார். முழுக்கச் சாந்து பிடித்திருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு எழுபது வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எழும்பும்போது சொல்வார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அடியில் இருக்கும் விட்டம், பிளைவூட், ஸ்க்ரூ பற்றி நான் தொடங்கியதும் தேநீர்க் கோப்பையோடு வரவேற்பறைக்கு நகர்ந்தார்கள். ஒருவரைப் பேஸ்மென்ற் வரை கொண்டுபோனேன். அவர் திரும்ப வரவில்லை, வீட்டுக்கு என்கிறேன்.

சுவரோரம் சுற்றிவர கால் அங்குலம் இடைவெளி விட்டிருந்தேன். மரம் பெருக்கும்போது தரைக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் சுவரை முட்டி நடுவில் டைல் கூரைபோல் எழும்பும். ஒருநாள் விடிய எழுந்து வந்து பார்த்தால் இடைவெளியைக் காணவில்லை. மிஞ்சிய சாந்தால் நாலு பக்கமும் வழுவழுப்பாக, நூல் பிடித்ததுபோல் அடைத்திருந்தது. மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஓரத்தை மறந்துபோட்டீர் தம்பி. நான் சரிப்பண்ணிவிட்டன்.”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப உந்த வீடு கோடையிலை பருக்குமோ?”

“கொஞ்சம் பருக்கும், மாமா.”

“விண்டரிலை?”

“மெலியும்.”

மாமா கோப்பையை வைத்துவிட்டு உளியை எடுத்தார். இருவருமாகச் சுரண்டினோம். சாந்து இறுகியிருந்தது, நல்ல கை. கடைசியில் இடைவெளியை மறைக்கச் சுவரோரப் பலகையை அடித்தபோது எனக்காக அதைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “ஓட்டையை விட்டுப்போட்டு மேலை பலகையாலை மூடியிருந்தால், ஊரிலை எனக்குக் கூலி தந்திருக்கமாட்டாங்கள்.”

“இஞ்சையும் நான் தரேல்லையே, மாமா.”

“அதுவும் சரிதான்” என்று ஆணியை நீட்டினார்.