ஓசி: ஓர் இலக்கண ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள்: காசு கொடுக்காமல் கிடைப்பதைக் குறிக்கும் 'ஓசி' என்னும் ஈரெழுத்துச் சொல். ஆய்வுக் களம்: டீக்கடை பெஞ்சு, சலூன், கல்யாணப் பந்தி, பக்கத்து வீட்டு வைஃபை. ஆய்வுக்கு ஆன செலவு: இல்லை.

1. சொற்பிறப்பு

ஊரறிந்த கொள்கை ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதைச் சுருக்கி ஓ.சி.எஸ். என்று எழுதுவார்களாம், அந்த உறைகளுக்குத் தபால் கூலி கிடையாதாம். சாமானியனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தூரம் ஏற ஏறக் கூலியும் ஏறும். அரையணாவில் நாடு முழுக்கக் கடிதம் போனதெல்லாம் 1854இல் தபால் தலை வந்த பிறகுதான். 1858இல் ஆட்சி விக்டோரியா ராணியின் கைக்குப் போனது. கம்பெனி போயிற்று, ஓசி நின்றது.

கடைசி 'எஸ்' எங்கே என்று அறிஞர் கேட்கலாம். மலையாளத்தில் இதே பொருளில் 'ஓஸ்' என்கிறார்கள். ஆகவே அது டிக்கெட் எடுக்காமல் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்துவிட்டது என்பது எமது துணிபு. காசு குலுங்கும் 'ஓசை' கேட்காததால் 'ஓசி' ஆயிற்று என்ற போட்டிக் கொள்கையும் எம்மிடம் உண்டு. கேட்பவர்க்கு இலவசமாகவே தரப்படும்.

2. மூவிடம்

இச்சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் மாறும்.

தன்மை: "எனக்கு ஓசியில கிடைச்சுது." பொருள், சாமர்த்தியம்.
முன்னிலை: "உனக்கு ஓசியிலதானே வந்துச்சு?" பொருள், சண்டை.
படர்க்கை: "அவன் ஓசியிலயே காலத்த ஓட்டுறான்." பொருள், புறணி.

முன்னிலையின் வீரியத்துக்குச் சான்று: தமிழகத்துச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. 2022இல் ஓர் அமைச்சர் மேடையில் பெண்களை நோக்கி இந்தச் சொல்லைப் பயன்படுத்த, மாநிலமே இலக்கண விவாதத்தில் இறங்கியது.

அரிய செய்தி, இச்சொல்லுக்குத் தன்மைப் பன்மை வழக்கில் இல்லை. எல்லோருக்கும் சேர்ந்து கிடைத்தால் அது 'நலத்திட்டம்' ஆகிவிடும். கொடுக்கிறவர் வாயிலும் இச்சொல் வராது. அவர் 'அன்பளிப்பு' என்பார், கடைக்காரர் 'கொசுறு' என்பார், கோயிலில் 'பிரசாதம்' என்பார்கள்.

3. முடிவு

உலகில் எதுவும் சும்மா வருவதில்லை, யாரோ கொடுத்திருப்பார்கள். சலூனில் நாம் வரிவிடாமல் படிக்கும் பேப்பருக்குச் சந்தா கட்டியவர் சலூன்காரர். கம்பெனிக் கடிதம் கூலியின்றிப் போனதென்றால், அதைச் சுமந்து ஓடியவருக்குச் சம்பளம் குடியானவர் கட்டிய கிஸ்தியிலிருந்துதான் போயிருக்கும். எனவே ஓசியின் சரியான வரையறை 'பிறர் காசு' என்பதே.

இந்த வரையறையின்படி பார்த்தால், பஸ்ஸில் போகும் பெண்மணி வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் வரி இருக்கிறது. அவர் டிக்கெட்டுக்கான பணம் முன்கூட்டியே வசூலாகிவிட்டது. மேடை, மைக், சிவப்பு விளக்கு கழற்றிய கார் ஆகியவற்றுக்குப் பணம் கட்டியவர் யார் என்பது மேலாய்வுக்கு உரியது.