கால் இன்ச் விடுங்கள்!

பழைய சேலை, கட் பீஸ், காலால் மிதிக்கும் தையல் மிஷின். இவற்றை வைத்துக்கொண்டு குவில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க உட்கார்ந்திருக்கும் சென்னை மேற்குப் புறநகர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

அம்மா உடுத்திய சுங்குடிச் சேலைகள் பீரோ நிறைய இருக்கின்றன. குவில்ட் தைக்க ஆசை, வெட்டத்தான் கை வரவில்லை. (அம்பத்தூர் ஓ.டி.)

வெட்டாமலே ஆரம்பியுங்கள். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றை விசிறி மடிப்பாக மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், மூன்றரையடி அகலம், மூன்று அடுக்கு. ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். சேலையின் நடுப்பகுதி நைந்திருந்தாலும் கவலையில்லை, அது உள் அடுக்காகிவிடும். ஓரங்களை உள்ளே மடித்து, ஒரு விரற்கடை இடைவெளியில் நெடுக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போங்கள். வங்காளத்துக் காந்தா இப்படி அடுக்கித் தைத்த பழஞ்சேலைதான். ஒன்று முடித்து ஒரு வாரம் போர்த்திப் பாருங்கள். அடுத்த சேலைக்குக் கத்தரிக்கோல் தானாகக் கைக்கு வரும்.

கார்மென்ட்ஸ் கம்பெனி கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கிறது. அள்ளிக்கொண்டு வந்துவிடலாமா? (கொரட்டூர்)

அள்ளாதீர்கள், பொறுக்குங்கள். பனியன் துணி இழுத்தால் நீளும். அதை மற்றத் துணியோடு சேர்த்துத் தைத்தால் கட்டம் கோணிக்கொள்ளும். அதை மட்டும் தனியாக ஒதுக்கிவிடுங்கள். காட்டனா பாலியஸ்டரா என்ற சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி, எவர்சில்வர் தட்டின்மேல் பிடித்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம்போல் எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். முழு மீட்டர் துணி வேண்டுமென்றால் பீச் ஸ்டேஷனுக்கு ரயிலேறி, பாரிமுனை கோடவுன் தெருவை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரே அளவில்தான் வெட்டுகிறேன். பத்துக் கட்டம் சேர்ந்ததும் ஒரு வரிசை குட்டை, ஒரு வரிசை நெட்டை. முனைகள் சேருவதே இல்லை. (ஆவடி)

வெட்டில் குறையில்லை, தையலில் இருக்கிறது. ஆறு இன்ச் கட்டம் வேண்டுமென்றால் ஆறரை இன்ச் வெட்டுகிறோம். நான்கு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும். இப்போது கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், சேரும் இரண்டு துணியிலுமாக ஒரு நூல் காணாமல் போகிறது. பத்துக் கட்டத்துக்கு ஒன்பது தையல், ஆகவே ஒன்பது நூல். எட்டு நூல் ஓர் இன்ச். கண்ணுக்கே தெரியாத அரை நூல், வரிசை முடியும்போது ஓர் இன்ச்சுக்கு மேல் விழுங்கியிருக்கும்!

மிஷின் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள், அது ஊசியிலிருந்து கால் இன்ச்சாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊசியை ஸ்கேலின் கால் இன்ச் கோட்டின்மேல் இறக்கி, ஸ்கேலின் விளிம்பு தொடும் இடத்தில், துணியை நகர்த்தும் பல்லை மறைக்காமல், இன்சுலேஷன் டேப்பை ஏழெட்டு அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அந்தச் சுவரை உரசிக்கொண்டே ஓடட்டும்.

அயர்ன் செய்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும், அடுத்த வரிசையை வலப்பக்கமும் படியவையுங்கள். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே முனை சேர்ந்தது தெரியும். அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்காதீர்கள், வைத்து எடுங்கள். இழுத்தால் கட்டம் சாய்சதுரமாகிவிடும். மெல்லிய சேலைத் துணியென்றால் வெட்டுவதற்கு முன்பே சாதம் வடித்த கஞ்சி போட்டு விறைப்பாக்குங்கள். முழுவதும் தைத்து முடித்த பிறகு அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சி ருசிக்குப் பூச்சி வரும்.

மே மாத வெயிலில் பட்டாபிராமில் குவில்ட் எதற்கு? (பட்டாபிராம்)

மே மாதத்தில் தைப்பதற்கு, மார்கழியில் போர்த்துவதற்கு. நம் ஊருக்குப் பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் வேகும். நடு அடுக்குக்குப் பழைய வேட்டி போதும். ஏ.சி. அறைக்கும் ராத்திரி ரயிலுக்கும் அந்தக் கனம் சரி.

சிவப்புச் சேலையின் சாயம் வெள்ளைக் கட்டத்தில் இறங்கிவிட்டது. அழுகையாக வருகிறது. (முகப்பேர்)

காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் சோப்புத்தூளோடு ஊறவைத்து, தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்றுங்கள். பல நேரம் பெருமளவு போய்விடும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்ப வேண்டாம், ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் உப்பு எதையும் பூட்டிவைக்காது. அடுத்த முறை ஒவ்வொரு துணியையும் வெள்ளை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அதைத் தனியாக அலசி அலசித் தண்ணீர் தெளிந்த பிறகே கத்தரிக்கோல்.

சாயம் விட்டதாலேயே புகழ்பெற்ற துணியும் நம் ஊர்த் துணிதான். 1958-ல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போன மெட்ராஸ் கட்டத்துணி, துவைத்ததும் சாயம் இறங்கி வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். வியாபாரிகள் அதையே சிறப்பாக்கி, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று விளம்பரம் செய்துவிட்டார்கள். அந்தக் கட்டங்களைத் துண்டு துண்டாக ஒட்டித் தைத்த சட்டையும் கால்சட்டையும் 1960-களில் அங்கே கல்லூரி இளைஞர்களின் நாகரிகமாயின. மெட்ராஸ் கைக்குட்டைத் துணிக்குப் பேர்போன பழவேற்காடு, உங்களுக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான்.

இது அமெரிக்கப் பெண்களின் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு என்கிறார் என் மாமியார். (திருமுல்லைவாயல்)

அடுத்த தேர்த்திருவிழாவுக்கு மாமியாரை அழைத்துப் போய்த் தொம்பையைக் காட்டுங்கள். தேரில் உருளையாகத் தொங்கி ஆடும் அந்தத் துணி, வண்ணத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தது. தஞ்சாவூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் கைவேலை. புத்த பிட்சுக்களின் ஆடை இன்னும் பழையது. மகத நாட்டு வயலையும் வரப்பையும் காட்டி, அதுபோல் துண்டுகளை இணைத்து ஆடை அமைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக விநய பிடகம் கூறுகிறது. வட கர்நாடகத்தில் கௌதி, மராட்டியத்தில் கோதடி, ஆந்திரத்தில் பொந்த. எல்லாம் வீட்டுப் பெண்கள் பழந்துணியில் தைத்தவை.

எனக்கு மிகப் பிடித்தது உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்களின் கவந்தி. ஆப்பிரிக்க வழிவந்த சமூகம் அது. அவர்கள் முன்கூட்டி வரைபடம் போடுவதில்லை. ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரமாகவே சுற்றிச் சுற்றித் துண்டுகளைத் தைத்துக்கொண்டு நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணியால் 'பூ' வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அவர்கள் கணக்கில் அம்மணம்.

ரோட்டரி கட்டர், அதற்கு ஒரு பாய், வெளிநாட்டுப் பஞ்சு. விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. (ஐயப்பன்தாங்கல்)

ஒன்றும் வேண்டாம். சாணை பிடித்த கத்தரிக்கோல் ஒன்று, பழைய எக்ஸ்ரே தாளில் ஆறரை இன்ச்சுக்கு வெட்டிய அச்சு ஒன்று. எக்ஸ்ரே தாள் வழியாகத் துணியின் பூ தெரியும், நடுவில் பார்த்து வைக்கலாம். நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு மிஷின் குவில்ட்டுக்கு உத்தமம். அடுக்குகளைச் சேர்க்கும்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகச் சேப்டி பின் குத்துங்கள், இந்த வேலையில் மட்டும் சோம்பல் கூடாது. மிஷினில் சுருக்கம் விழுந்தால் கையால் ஓட்டுங்கள். காசு மிஞ்சினால் நல்ல நூல் வாங்குங்கள். மட்டமான நூல் இரண்டு சலவையில் அறுந்து, மாதக்கணக்கான வேலை பல்லிளிக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் முங்கிய குவில்ட், கறையோடு அப்படியே கிடக்கிறது. காப்பாற்றலாமா? (பூந்தமல்லி)

தைத்த நூல் தாங்குகிறதா என்று முதலில் இழுத்துப் பாருங்கள். தாங்கினால், காய்ந்த மண்ணைத் தூரிகையால் உதிர்த்துவிட்டு, வெறும் குளிர்ந்த தண்ணீரில் மண் நிற்கும்வரை அலசுங்கள். சோப்பு அதற்குப் பிறகுதான். கொடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். மூன்றடுக்கும் தண்ணீர் குடித்த கனத்தில் தையல் பிய்யும். கயிற்றுக் கட்டிலில் பரப்புங்கள். அப்படியும் கிழிந்த இடத்தில் புதுத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டுத்துணிக்கு அந்த வசதி உண்டு.

எங்கள் தெருவில் நாலு பேர் தைக்கிறோம். சேர்ந்து ஒரே குவில்ட் செய்ய முடியுமா? (வில்லிவாக்கம்)

முதலாமவர் நடுக்கட்டம் தைக்கட்டும். இரண்டாமவர் அதைச் சுற்றி ஒரு வரிசை, அடுத்தவர் அடுத்த வரிசை. முன்னவர் தைத்ததைப் பிரிக்கக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் 1966-ல் கூட்டுறவு சேர்ந்து குவில்ட் விற்றார்கள். கிழிந்த வேலை உடுப்புகளிலிருந்தெல்லாம் கீஸ் பெண்டில் தைத்தவை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரிலும், பிறகு நியூயார்க்கிலும் தொங்கின. நம் சென்னையிலேயே 2019 ஜனவரியில் இந்திய குவில்ட் திருவிழா நடந்தது. இதுபோன்ற கண்காட்சிக்குப் போனால் எட்ட நின்று நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கிட்டப் போய்த் தையலைப் பாருங்கள், அனுமதித்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். படிக்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

ஐந்நூறு ரூபாய்க்குக் கடையில் போர்வை கிடைக்குமே என்கிறார் கணவர். (போரூர்)

அவருடைய பழைய சட்டைகளில் ஒன்று தைத்துக் கொடுங்கள். பாக்கெட்டையும் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். மறுபடி கேட்கமாட்டார்.

ராணுவ உடைத் தொழிற்சாலையில் தைத்து ஓய்வுபெற்றவன் நான். பக்கத்துத் தெருவில் பெண்கள் கூடிக் குவில்ட் தைக்கிறார்கள். என்னைச் சேர்ப்பார்களா? (ஆவடி)

1961 முதல் ஆவடியில் ஓடும் மிஷின்களில் பழகிய கை! உங்களைச் சேர்க்காமல் வேறு யாரைச் சேர்ப்பது? தொம்பை தைப்பதும் தலைமுறையாக ஆண்களும் செய்துவரும் வேலைதான். நாளைக்கே போங்கள். உங்கள் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய மிஷினுக்கு நாலு சொட்டு எண்ணெயும்.