வழுக்கையாற்றில் போட்டாலும் அளந்து போடு

காசு மிச்சம் பிடிக்க வழி சொல்லுங்கோ அப்பு எண்டு கேட்டு வந்திருக்கிறாய். சந்தோசம். நாலு வீடு தள்ளியிருந்து மோட்டார் சைக்கிளிலை வந்து, அதை நிப்பாட்டாமல் படலையடியிலை உறும விட்டபடி கேட்டாய் பார், அதுதான் எனக்கு நல்லாப் பிடிச்சிது. சரி, இரு தம்பி. அந்தக் கதிரையிலை இராதை, கால் ஆடும். திருத்தக் காசு வேணும் எண்டு விட்டு வைச்சிருக்கிறன். விருந்தாளியளுக்கு அதைத்தான் போடுறது, கனநேரம் இருக்க மாட்டினம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு எண்டு ஒரு பழமொழி இருக்கு. காவேரிக் கரையிலை இருந்தவன் ஆரோ சொல்லியிருப்பான். எங்கடை குடாநாட்டிலை ஆறு எண்டு சொல்ல வழுக்கையாறு ஒண்டுதான். அதுவும் மாரிக்கு ஓடும், கோடையிலை அதுக்கை மாடு மேயும். அதாலை நாங்கள் காவேரிக்காரரை விடக் கவனமா அளக்க வேணும். வெளியூர்க்காரர் எங்களைப் பனங்கொட்டை சூப்பியள் எண்டு பழிப்பினம். நான் கோவிக்கிறேல்லை. சூப்பின பிறகு அந்தக் கொட்டையை நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு அவைக்குத் தெரியாது.

உனக்கும் தெரியாதுதானே, கேள். ஆவணியிலை பனம்பழம் விழும். களியைப் பிழிஞ்சு பாயிலை ஊத்திக் காயவிட்டால் பனாட்டு. மாவோடை குழைச்சுச் சுட்டால் பனங்காய்ப் பணியாரம். மிஞ்சின கொட்டையைப் பாத்தியிலை அடுக்கி மண்ணாலை மூடிவிட்டால் மூண்டு நாலு மாதத்திலை கிழங்கு. தண்ணி வாக்கிற வேலையை மாரி மழை பாத்துக்கொள்ளும். கிழங்கைப் பச்சையாக் கிழிச்சுக் காயவிட்டால் ஒடியல், அவிச்சுக் காயவிட்டால் புழுக்கொடியல். முளைச்ச கொட்டையைப் பிளந்தால் உள்ளுக்கை பூரான், அது பிள்ளையளுக்கு. பூரானும் போனாப் பிறகு மிஞ்சிற ஊமல் அடுப்புக்கு. ஒரு பழத்திலை ஆறு சாமான். நீ என்ன செய்யிறாய்? உன்ரை வளவிலை விழுந்த பழத்தைக் காலாலை எத்திப்போட்டு, திருநெல்வேலிச் சந்தையிலை புழுக்கொடியல் பைக்கெற்று வாங்கி ரொறன்ரோவிலை இருக்கிற மச்சாளுக்கு அனுப்புறாய். புழுக்கொடியலை விட முத்திரைக்குக் கூடப் போகுது. மச்சாளுக்குப் பாசம், தபாற்கந்தோருக்கு லாபம், உனக்கு என்ன?

குசினிப் பக்கம் வருவம். 2025 தொடக்கத்திலை ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டினது ஞாபகம் இருக்கோ? அப்பவும் உங்கடை வீட்டிலை முதற்பாலைப் பிழிஞ்சிட்டுப் பூவைக் கோழிக்குப் போட்டினம். கோழி நல்லா இருந்தது. இரண்டாம் பாலிலை சொதி வைக்கலாம், பிள்ளை. அறக்குளா வாங்க வக்கில்லாத நாளிலை சூடை வாங்கு, அது மீனில்லையே? கிழமையிலை ஒருநாள் ஒடியல் கூழ் காய்ச்சு. ஒடியல் மாவை ஊறவிட்டுத் தண்ணியை வடிச்சால் கைப்புப் போகும். பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கிடைச்ச மீன், ஒரு நண்டு, செத்தல், பழப்புளி, எல்லாம் ஒரு பானைக்கை. ஒரு நண்டைப் போட்டுப் பத்துப் பேரை நண்டுக்கூழ் குடிச்சதெண்டு சொல்ல வைக்கிற வித்தை உலகத்திலை வேறை எந்தச் சமையலிலையும் இல்லை.

இனி வேலி. எங்கடை ஆக்கள் காசை எங்கை தொலைச்சவை எண்டு கேட்டால் நான் மதிலைத்தான் காட்டுவன். கிளுவையும் பூவரசும் நட்ட வேலி வருசா வருசம் குழை தந்தது. குழை ஆட்டுக்கு, மிச்சம் தோட்டத்துக்குப் பசளை. அடைச்ச ஓலை உக்கினால் அதையும் மண்ணுக்கை தாழ்க்கலாம். காய்ஞ்ச கதியால் விறகு. இப்ப எல்லாரும் கல்லரிஞ்சு சீமெந்து பூசி மதில் எழுப்பியிருக்கினம். மதில் ஒரு குழை தராது. முந்தி வேலி அடைக்கேக்கை வருசத்துக்கு ஓரங்குலம் அங்காலை தள்ளிவிடலாம், இப்ப அந்த வருமானமும் போச்சு. அந்த ஓரங்குலத்துக்கு வழக்குப் பேசி ஒரு பரப்பை வித்தவையும் உண்டு, அது வேறை கணக்கு.

கிணத்தடியிலை வாழை வை. நீ குளிக்கிற தண்ணியிலை அது குலை போடும். மோட்டரைப் போட்டிட்டுப் போனைப் பாத்துக்கொண்டிருந்தால் தாங்கி நிரம்பி வளவு முழுக்க வெள்ளம். தண்ணி சும்மா வருகுது எண்டு நினைக்காதை. எங்கடை நிலத்துக்கு அடியிலை இருக்கிறது சுண்ணாம்புக்கல்லு, அதுக்கை தங்கிற மழைத்தண்ணிதான் கிணத்துக்கு வருகுது. கண்டபடி இறைச்சால் கடல் உள்ளுக்கை வரும். உவரான கிணத்தை நன்னீராக்க எந்தக் கடையிலையும் சாமான் விக்கிறேல்லை.

கரண்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு, கனகாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவன் நான். 1990 ஆனியிலை சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு குடாநாட்டுக்குக் கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. அப்பதான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலுக்கை கொஞ்ச எண்ணெய், கம்பியிலை நிமித்திப் பிடிச்ச மெல்லிய திரி, அவ்வளவுதான். போத்தலே சிமினி, காத்துக்கு நூராது. பெரிய சுடர் வேணும் எண்டு திரியைத் தூண்டினால் அம்மாமாரிட்டை அடி. அந்த வெளிச்சத்திலை படிச்சவைதான் இண்டைக்குப் பெரிய டொக்டர்மாராய் இருக்கினம். சவுக்காரம் இல்லாத நேரம் பனம்பழத்தாலை உடுப்புத் தோச்சம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ பாடும், நாங்கள் செய்தி கேட்பம். செய்தி நல்லாயில்லாட்டிச் சுத்தினவனுக்குத்தான் ஏச்சு.

அதெல்லாம் இப்ப செய்யச் சொல்லேல்லை. பில்லைத் திருப்பிப் பார் எண்டுதான் சொல்லுறன். மாதம் 60 அலகுக்கை நிண்டால் ஒரு விலை. 61 ஆனால் அந்தக் கடைசி அலகுக்கு மட்டும்தான் கூட எண்டு நினைக்கிறாய், அங்கைதான் பிழைக்கிறாய். அட்டவணையே மாறி முதல் அலகிலை இருந்தே கூடின விலை, நிலையான கட்டணமும் கூட. கரைக்குக் கிட்ட நிக்கிற வீடெண்டால் கிழமையிலை ஒருநாள் மட்டும் எல்லா உடுப்பையும் சேத்து மினுக்கினால் காணும், இந்தப் பக்கம் நிண்டிடலாம். சோத்தை வேகவைச்சாப் பிறகும் குக்கரைச் செருகியே விட்டிருக்கிறது, சோத்துக்குக் குளிருமெண்டோ?

பொழுதுபோக்கு வேணும் எண்டுவாய். வேணும், ஆர் இல்லையெண்டது? நல்லூரிலை 25 நாள் திருவிழா, வாசலிலை ரிக்கற் இல்லை. கீரிமலைக் கேணியிலை முழுகக் கரண்ட் பில் வராது. காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குக் கட்டுச்சோறு கொண்டு போ, அங்கை போய்ப் பிறைட் றைஸ் தேடாதை. கச்சான் வாங்கினால் சுருளை எறியாதை, அதிலையும் நாலு வரி வாசிக்க இருக்கும். பேப்பருக்கு எனக்கு வாசிகசாலை. முதல் ஆளாப் போனால் பேப்பர் கசங்காமல் இருக்கும், கடைசி ஆளாப் போனால் கதிரை கிடைக்கும். பிந்திப் போனால் செய்தி பழசாகும், அதுவும் நல்லது. பாதிக் கவலை தானாத் தீந்திருக்கும்.

இப்ப உன்ரை வண்டிக் கதை. எங்கடை தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைச்சவை. அதிலை சொத்து மூண்டு வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். நீங்கள் நாலாவது ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறியள், லீசிங். பன்னிரண்டு வீதம்தான் அப்பு எண்டு பெருமையாச் சொன்னாய். நான் கொப்பியிலை போட்டுப் பாத்தன். 3 இலட்சத்துக்கு வருசம் 36,000, மூண்டு வருசத்துக்கு 1,08,000. எல்லாத்தையும் கூட்டி 36ஆலை பிரிச்சால் மாதம் 11,333. நீ மாதா மாதம் முதலைக் குறைச்சுக்கொண்டு போறாய், வட்டி மட்டும் முழு 3 இலட்சத்துக்கும் ஓடுது. கட்டி முடிச்ச காசுக்கும் வட்டி கட்டிற ஆள் நீ. குறையிற முதலுக்கு வட்டி பாத்தால் அது 21 வீதத்துக்கு வரும். கையெழுத்து வைக்க முன்னம் குறையிற மிச்சத்துக்கு எத்தனை வீதம் எண்டு ஒரு கேள்வி கேள். கேட்கக் காசில்லை.

கையிலை காசு இருந்தாலும் கவனம். அனுமதி உள்ள வங்கியிலையும் நிதிக் கொம்பனியிலையும் போட்ட காசுக்கு மத்திய வங்கியின்ரை காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்திலை 11 இலட்சம் வரைக்கும்தான். கூட வைச்சிருக்கிற புண்ணியவான் எண்டால் இரண்டு இடமாப் பிரிச்சுப் போடு. 2025 சித்திரையிலை இருந்து வட்டியிலை 10 வீதம் வரி பிடிக்கினம். வருச வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழை எண்டால் வங்கியிலை சுயபிரகடனம் எழுதிக் குடு, பிடிக்காயினம். எங்கடை பென்சன்காரர் பாதிப் பேர் இதைக் குடுக்காமல் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு இருக்கினம். இன்னும் இரண்டு பேரைச் சேத்துவிடு, மாதம் இத்தனை வரும் எண்டு ஆரும் சொன்னால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடு. அந்தப் பிரமிட் வியாபாரம் வங்கிச் சட்டத்திலை குற்றம். அதோடை, எல்லாத்தையும் காசாப் பூட்டி வைக்கவும் ஏலாது. 2022 செப்ரெம்பரிலை கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். முதல் வருசம் 100 ரூபாய் வித்த சாமான் 170. பெட்டிக்கை இருந்த தாள் அப்பிடியே இருந்தது, அதின்ரை பெறுமதிதான் எழும்பிப் போட்டுது.

இவ்வளவும் சொல்லிப்போட்டு மெயினை விடுவனோ? தேங்காய்ப்பூவிலை நீ மிச்சம் பிடிச்ச காசு முழுக்க, மூத்தவளின்ரை சாமத்திய வீட்டிலை ஒரு பின்னேரத்திலை போகும். மண்டபம், மேலாலை பறக்கிற கமரா, ஆளுயரப் படம், பல்லக்கு. பிள்ளை கேட்டதோ? இல்லை. அயலட்டை கேட்டதோ? அவையும் கேட்கேல்லை, வந்து தின்னுபோட்டு கறியிலை உப்பில்லை எண்டு சொல்லிட்டுப் போவினம். இந்தக் குடாநாட்டிலை சாப்பாட்டாலை கடன்பட்டவனை நான் கண்டது குறைவு. பக்கத்து வீட்டுக்காரன்ரை கண்ணுக்குச் செலவழிச்சுக் கடன்பட்டவனைத்தான் ஒழுங்கைக்கு ஒழுங்கை காணுறன். மருந்துக்கும், பிள்ளையின்ரை படிப்புக்கும், வீட்டுக்கு வந்தவனுக்குக் குடுக்கிற தேத்தண்ணிக்கும் கை சுருக்காதை. மற்றதெல்லாத்துக்கும் ஒரு கேள்வி போதும்: ஒருத்தரும் பாக்காயினம் எண்டால் இதை நான் வாங்குவனோ? இல்லை எண்டு மனம் சொன்னால் காசைத் திருப்பி மடியிலை வை. இண்டைக்குப் போன உடனை கரண்ட் பில்லை எடுத்து 60க்கு மேலையோ கீழையோ எண்டு பார், பேந்து லீசிங் தாளிலை வட்டியைப் பார். மிச்சம் பிடிக்கிறது அந்த இரண்டு தாளிலை இருந்து தொடங்கட்டும்.