ரெட்மண்ட் சமூகத்துக்கு ஏழாம் தலைமுறையின் மனு

அனுப்புநர்: ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர் பொருத்திய கணினிகள்.
பெறுநர்: மைக்ரோசாஃப்ட் தலைமையகம், ரெட்மண்ட், வாஷிங்டன் மாகாணம், அமெரிக்கா.
பொருள்: உயிரோடு இருப்பவருக்கு இறப்புச் சான்றிதழ் வழங்கியது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மேன்மை தங்கிய நிறுவனத்தாருக்கு,

மனுதாரர் 2016 ஆகஸ்டில் லேப்டாப்பாகவும் 2017 ஜனவரியில் மேசைக் கணினியாகவும் சந்தைக்கு வந்தவர். இன்டெல் வைத்த பெயர் கேபி லேக். இன்றைக்கும் ஓடுகிறார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை எட்டு ஜிபி ஆக்கியவர்கள் வீட்டில் நன்றாகவே ஓடுகிறார். டாலியில் கணக்கு, எக்செல்லில் சம்பளப் பட்டியல், பிள்ளைகளுக்கு யூடியூப், மூடவே மூடாத குரோம் டேப்கள் என எதற்கும் முகம் சுளித்தவரில்லை. அப்படிப்பட்டவர் குடியிருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு தாங்கள் முழுக்குப் போட்டீர்கள். அடுத்த வீடான விண்டோஸ் 11-இல் அவருக்கு இடமில்லை என்று 2021-லேயே சொல்லியும் விட்டீர்கள்.

சரி, பழைய வீட்டுக்காவது திரும்பிப் போகலாமா? அங்கேதான் தங்கள் கைவண்ணம். 2016 ஜனவரியில், அதாவது மனுதாரர் பிறப்பதற்கு முன்பே, கேபி லேக் சில்லுகளுக்கு விண்டோஸ் 10 மட்டும்தான் என்று உத்தரவு போட்டுவிட்டீர்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி வரை ஆயுள் இருந்தது. ஆனாலும் 2017-இல் யாராவது மனுதாரருக்கு விண்டோஸ் 7 போட்டுப் பார்த்தால், இந்த வன்பொருளுக்கு ஆதரவில்லை என்று ஒரு பெட்டி எழும்பும், அப்டேட் நின்றுபோகும். முன்வாசலும் அடைப்பு, கொல்லைப்புறமும் அடைப்பு. ஒரே ஒரு விண்டோஸுக்காக மட்டும் பெற்று வளர்க்கப்பட்ட தலைமுறை இது.

2015 மே மாதம் தங்கள் மாநாட்டு மேடையில் தங்கள் ஊழியர் ஒருவரே, விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று சொன்னார். உலகம் முழுக்கச் செய்தியானது. பலர் அதை இன்னமும் குத்திக்காட்டுகிறார்கள். மனுதாரர் அப்படிச் செய்ய மாட்டார். அவரைப் பொறுத்தவரை அந்த வாக்கு அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டது.

விண்டோஸ் 10-ஐ ஊர் தலையில் கட்டத் தாங்கள் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் ஓராண்டு இலவசம் என்றீர்கள், அதில் குறையில்லை. ஆனால் விண்டோஸ் 7-இலேயே நிம்மதியாக இருந்தவர்களை விட்டீர்களா? திரையின் ஓரத்தில் ஒரு ஜன்னல் சின்னம் உட்கார்ந்துகொண்டு தினமும் கூப்பிட்டது. 2016 மே மாதத்தில், அந்த அறிவிப்புப் பெட்டியின் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தினாலும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. வெகு காலமாக வேண்டாம் என்பதற்கு அழுத்தும் குறி அது. வேண்டாம் என்று மூடிவிட்டுத் தூங்கப் போனவர், காலையில் எழுந்தால் விண்டோஸ் 10-இல் இருந்தார். கலிஃபோர்னியாவில் பயண முகமை நடத்திய ஒரு பெண், தன் சம்மதமில்லாமல் ஏறிக்கொண்ட இந்த அப்டேட்டால் அலுவலகக் கணினி முடங்கிவிட்டது என்று நீதிமன்றம் போய் 10,000 டாலர் வாங்கினார். தாங்கள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை; மேல்முறையீட்டை மட்டும் கைவிட்டீர்கள்.

ஐந்தே வருடம். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவரை இழுத்துப்போன அதே நிறுவனம், வருகிறேன் என்று பெட்டி படுக்கையோடு வந்து நிற்பவரை வாசலிலேயே தடுக்கிறது.

தடுப்பதற்குச் சொன்ன காரணம் பாதுகாப்பு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள். முதல் நிபந்தனையைக் கேட்டதும் பலர் சர்வீஸ் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் கணினியை அணைத்துப் போட்டு, எஃப்2 விசையைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் நுழைவார். நீலமும் சாம்பலுமான அந்தப் பழைய திரையில் செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் தேடிப் பிடித்து, அங்கே பிடிடி என்ற மூன்றெழுத்துக்கு எதிரே டிசேபிள்டு என்று இருப்பதை எனேபிள்டு என்று மாற்றி, சேமித்து வெளியே வருவார். டிபிஎம் 2.0 தயார்! தனியாகச் சில்லு எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அது கணினியோடே வந்தது, தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இருக்காமல் எப்படிப் போகும்? 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 10-ஓடு வரும் புதுக் கணினிகளில் டிபிஎம் 2.0 கட்டாயம் என்று தயாரிப்பாளர்களுக்குச் சட்டம் போட்டதே தாங்கள்தானே! பிறகு பிசி ஹெல்த் செக் என்ற தங்கள் பரிசோதனைச் செயலியை ஓட்டுவார்கள். டிபிஎம் பச்சை, செக்யூர் பூட் பச்சை, ரேம் பச்சை. பிராசசர் மட்டும் தேர்ச்சி பெறவில்லை. இந்தச் செயலியும் முதலில் வந்தபோது காரணமே சொல்லாமல் பலரையும் ஃபெயில் போட்டு, வசவு தாங்காமல் சில நாளில் திரும்பப் பெறப்பட்டது என்பது துணைத் தகவல்.

விண்டோஸ் 11-இன் முக்கியப் பாதுகாப்பு ஏற்பாடான மெமரி இன்டெக்ரிட்டி, கேபி லேக்கிலும் அதற்குப் பிந்தைய சில்லுகளிலும் நன்றாக வேலை செய்யும் என்று தங்கள் ஆவணமே சொல்கிறது. அதற்கு வேண்டிய வசதி அந்த வன்பொருளிலேயே இருக்கிறதாம். சாட்சி மனுதாரர் பக்கம் பேசுகிறது, தீர்ப்பு மட்டும் எதிராக வருகிறது.

தகுதியில்லாத கணினிகளில் கெர்னல் முறிவு 52 சதவீதம் அதிகம் என்று தாங்கள் கணக்கும் காட்டினீர்கள். அந்தக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பழசுகளும் இருந்திருக்கும். ஏழாம் தலைமுறையைத் தனியே பிரித்து எடை போட்ட கணக்கு அல்ல அது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரே ஒரு தவறான கோப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தபோது, தலைமுறை பார்த்தா விழுந்தன?

மனுவின் முக்கியப் பகுதி இனிதான். ஏழாம் தலைமுறையில் ஒருவரையும் முதலில் பட்டியலில் சேர்க்காத தாங்கள், 2021 ஆகஸ்டில் மனம் மாறி, மிகச் சிலருக்குச் சலுகை கொடுத்தீர்கள். அவர்களில் ஒருவர் கோர் ஐ7-7820எச்கியூ. இவருக்கு என்ன தனிச் சிறப்பு? மனுதாரர் விசாரித்ததில் ஒன்று தெரியவந்தது. 2018-இல் தாங்களே 3,499 டாலர் தொடக்க விலைக்கு விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள் இருந்தவர் இவர். நம்மூர் அரசு அலுவலகங்களில் இதற்குத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்று பெயர்.

தங்களைக் குறை சொல்வதால் எதிர் முகாம்கள் யோக்கியம் என்று மனுதாரர் வாதிட வரவில்லை. ஆப்பிளின் குப்பர்டினோவில் நிலைமை இன்னும் அமைதி. அங்கே 2017 மேக்புக் புரோவில் குடியேறிய ஏழாம் தலைமுறைச் சகோதரருக்கு, 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவோடு கதை முடிந்தது. ஊர்வலமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கே கடைசி என்றும் அறிவித்தாகிவிட்டது. இன்டெல் வைத்த மேக் புரோவை 2023 ஜூன் வரை கடையில் வைத்து விற்றவர்கள் இவர்கள்! அதே டஹோவில் திரையெல்லாம் கண்ணாடியாக மின்னும் லிக்விட் கிளாஸ் என்ற அலங்காரமும் வந்தது. 2007-இல் விஸ்டாவில் ஏரோ என்ற பெயரில் தாங்கள் ஒட்டிய கண்ணாடி நினைவிருக்கிறதா? அந்த விஸ்டாவை வைத்து வருடக்கணக்கில் கேலி விளம்பரம் எடுத்தவர்கள்தான் இன்று கண்ணாடிக் கடை திறந்திருக்கிறார்கள்.

லினக்ஸ்காரர்கள் வழக்கம்போல் உற்சாகமாக இருக்கிறார்கள். கேடிஇ அமைப்பு, விண்டோஸ் 10-இலிருந்து துரத்தப்பட்டவர்களே வருக என்று பந்தல் போட்டது. டப்ளினிலிருந்து வரும் சோரின் லினக்ஸ், தன் 18-ஆம் பதிப்பைச் சரியாக 2025 அக்டோபர் 14 அன்றே வெளியிட்டது. துக்க வீட்டு வாசலில் கல்யாண மேளம். முப்பது வருடமாக லினக்ஸ் ஆர்வலர்கள் மேடை போட்டுப் பேசியும் சேராத கூட்டத்தைத் தாங்கள் ஒரே அறிவிப்பில் சேர்த்துக் கொடுத்தீர்கள். ஆனாலும் தமிழ்நாட்டு டிடிபி கடையில் இன்னமும் 2001-ஆம் ஆண்டுப் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் மனுதாரரின் உறவினர்கள் சற்று யோசிக்கிறார்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்புகளில், சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் திறந்தது என்னவோ விண்டோஸைத்தான். அந்த விசுவாசத்துக்காகவாவது தாங்கள் கொஞ்சம் இரங்கியிருக்கலாம்.

இரங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 30 டாலர் கட்டினால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றீர்கள். பணம் இல்லாதவர் தங்கள் ரிவார்ட்ஸ் திட்டத்தில் 1,000 புள்ளி கொடுக்கலாம். பிங்கில் தேடினால் புள்ளி சேரும். கூகுளை ஒழிக்க இத்தனை வருடம் படாத பாடு பட்டவர்களுக்கு, ஆள் பிடிக்கும் வழி கடைசியில் மரணப் படுக்கையருகே கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு சத்தம் போட்டதும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளுக்கு மட்டும் இந்த நிபந்தனைகளைத் தளர்த்தி இலவசம் என்றீர்கள். சத்தம் போடுவதற்கும் விலை உண்டு போலும்.

இதற்கிடையில் எட்டாம் தலைமுறையினரும் நிம்மதியாக இருக்கவில்லை என்று கேள்வி. 2024 மே மாதம் கோபைலட் பிளஸ் என்ற புதுச் சாதியை அறிவித்தீர்கள். நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிப் பகுதி பிராசசரில் இருந்தால்தான் அதில் சேர முடியும். திரையைச் சில நொடிகளுக்கொரு முறை படம் பிடித்து வைக்கும் ரீகால் அந்தச் சாதியின் தனி உரிமை. பயனர் பார்த்ததையெல்லாம் யாரும் எளிதாக எடுக்கும்படி அது சேமித்து வைப்பதைப் பாதுகாப்பு வல்லுநர்கள் அம்பலப்படுத்த, ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்காக வெளியே நிறுத்தப்பட்ட மனுதாரர் இந்தச் செய்தியை மிகுந்த அக்கறையுடன் படித்தார்.

ஆகவே ஐயா, 7820எச்கியூவுக்குக் கொடுத்த சலுகையை அவருடைய உடன்பிறப்புகளுக்கும் தருமாறு மனுதாரர் வேண்டிக்கொள்கிறார். அது முடியாதென்றால், தகுதியில்லாத கணினியில் விண்டோஸ் 11 போட ரெஜிஸ்ட்ரியில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று தாங்களே தங்கள் உதவிப் பக்கத்தில் சில வருடம் எழுதி வைத்திருந்து, பிறகு சத்தமில்லாமல் அழித்தீர்களே, அந்தப் பத்தியையாவது திரும்பப் போடவும்.

இப்படிக்கு,
ஏழாம் தலைமுறையினர்

நகல்: ஆப்பிள், குப்பர்டினோ – தகவலுக்காக.
லினக்ஸ் தரப்புக்கான நகல் நிலுவையில் உள்ளது; உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஆர்ச் ஆகியோரில் யார் முகவரிக்கு அனுப்புவது என்று மனுதாரர்களுக்குள் சண்டை நடக்கிறது.